சோர்வா, களைப்பா, அயர்வா? திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

ஹட்டனிலிருந்து:
வணக்கம். உயர்தர உயிரியல் வகுப்புக்கு ஒரு வாசிப்புத்தாள் தமிழாக்குகிறேன். களைப்பைப் பிந்தவைக்கிறதா என்று பார்க்க, சுண்டெலிக்கு ஓர் உணவுக் குறைநிரப்பியை (சப்ளிமென்ற்) நாள்தோறும் வாய்வழியே ஊட்டி, பிறகு வாலில் உடல் நிறையில் 5 சதவீதப் பாரம் கட்டி நீந்தவிடுகிறார்கள். மூழ்கி 10 செக்கனுக்குள் மேலே வராவிட்டால் களைத்துவிட்டது என்று கணக்கு, அதுவரை நீந்திய நேரத்தைக் குறித்துக்கொண்டு தூக்கிவிடுவார்கள். குருதி இலற்றேற்று (கடும் உழைப்பில் கூடுவது), ஈரல் கிளைக்கோசன் (சேமித்துவைத்த வெல்லம்) அளவும் பார்ப்பதுண்டு. ‘அன்ரிஃபற்றீக்’ (anti-fatigue) என்பதற்குச் ‘சோர்வு எதிர்ப்பு’ போட்டிருக்கிறேன். சரியா?

கண்டியிலிருந்து:
சோர்வு வேண்டாம் டீச்சர். மனச்சோர்வு மருந்தைச் சோதிப்பதும் இப்படித் தண்ணீரில் விட்டுத்தான். அங்கே பாரம் கிடையாது. 6 நிமிடம் விட்டு, கடைசி 4 நிமிடத்தில் எவ்வளவு நேரம் அசையாமல் மிதக்கிறது என்று எண்ணுவார்கள். இரண்டுக்கும் சோர்வு என்றால் பிள்ளைகள் மாற்றி எழுதிவிடுவார்கள். ‘களைப்புநீக்கி’ போடுங்கள்.

பண்டாரவளையிலிருந்து:
களைப்பைக் களைவதா! ‘அயர்வு’ இருக்க ஏன் அலைகிறீர்கள்? வெறி அயர்தல், விருந்து அயர்தல் என்று சங்கப் பாட்டில் அயர்தல் என்றால் செய்தல், கொண்டாடுதல். முருகனின் பூசாரி வேலன் வெறியாடுவது குறிஞ்சியில், அதாவது நம்மைப் போன்ற மலைநாட்டில். ஆடி ஓய்ந்த தளர்ச்சிதான் பிறகு அயர்வு ஆயிற்று என்பது என் ஊகம். ‘அயர்வொழிப்பி’. ‘இளைப்பாற்றி’யும் நல்ல சொல்தான், ஆனால் என்னைப் போல் பென்ஷன் எடுத்தவன் ஞாபகம் வரும்.

ஹட்டனிலிருந்து:
சேர், என் பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாமார் கொழுந்து எடுப்பவர்கள். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, கூடைக்கயிறு அழுத்திய தலையைத் தடவிக்கொண்டே என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். ‘ஒரே அசதியா இருக்கு’, ‘அலுப்பு’. அயர்வு என்று ஒருத்தியும் சொல்லவில்லை. ‘நீக்கி’யும் இடிக்கிறது. நீந்துமுன்பே ஊட்டுகிறோம், வந்த களைப்பை நீக்கவில்லை, வருவதைப் பிந்தவைக்கிறோம்.

கண்டியிலிருந்து:
அப்படியென்றால் ‘களைப்புத் தாமதிப்பி’. எழுதிய எனக்கே நாக்கு இடறுகிறது, விடுங்கள்.

பண்டாரவளையிலிருந்து:
அசதியாடல் என்றால் பரிகாசம் பண்ணுவது. எலியைப் பகடி செய்யும் மருந்தா?

ஹட்டனிலிருந்து:
நாளை அச்சுக்குப் போகிறது. ‘களைப்பு எதிர்ப்பு’ என்று போட்டுவிட்டேன். மூன்று பேர் தனி அஞ்சலில் சரி என்றார்கள், மற்றவர்கள் மௌனம்.

பண்டாரவளையிலிருந்து:
என் வாக்கு அயர்வுக்கே. அப்புறம், தாளில் இரண்டாம் பக்கம் வெறும் ‘எலி’ என்றிருக்கிறது. சுண்டெலி வேறு, எலி வேறு. அதையாவது திருத்துங்கள்.