ஹாஃப் மூன் பே கடலோரப் பாதை: பெஞ்சிலிருந்து 20 பேஸ் போயும் லெட்டர்பாக்ஸ் கிடைக்கவில்லை, உதவுங்கள்

நெய்தல்:

எல்லோருக்கும் வணக்கம். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஹாஃப் மூன் பேயில் கடலை ஒட்டி ஒரு நடை, சைக்கிள் பாதை போகிறதே, அங்கே ஒளித்து வைத்திருக்கும் ஒரு லெட்டர்பாக்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறோம் (தபால் பெட்டி இல்லை; ஒருவர் ஒளித்து வைத்து வழிக்குறிப்பு மட்டும் எழுதிவிடும் சின்னப் பெட்டி, உள்ளே ஒரு ஸ்டாம்பும் நோட்டும் இருக்கும்). என் பையனுக்கு இதில் பைத்தியம். அழிரப்பரில் அவனே நண்டு ஒன்றைச் செதுக்கி ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறான். அதைப் பெட்டிக்குள் இருக்கும் நோட்டில் குத்தாமல் விடமாட்டானாம்.

க்ளூ 2009-இல் எழுதியது. இடத்தைக் காட்டிக்கொடுக்காமல் சுருக்கிச் சொல்கிறேன். ஃபிரான்சிஸ் பீச்சிலிருந்து வடக்கே போய், பிலார்சிட்டோஸ் ஓடைப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பில்லர் பாயின்ட் முனையில் இருக்கும் ராணுவ ரேடார் கண்ணில் படுகிற ஒரு பெஞ்ச் வரும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, 70 டிகிரியில் 20 பேஸ். இரட்டைத் தண்டு சைப்ரஸ் மரம். கடல் பார்க்காத பக்கத்து வேரடியில் பெட்டி.

20 காலடி வைத்தால் வெறும் புல்லில் நிற்கிறேன். மரங்களெல்லாம் இன்னும் உள்ளே இருக்கின்றன. அங்கேயும் போய்ப் பார்த்தேன், இரட்டைத் தண்டு என்று எதுவும் தெரியவில்லை. ஐபோன் காம்பஸைத்தான் பார்க்கிறேன். போன் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு பக்கம் காட்டுகிறது. பெட்டியே போய்விட்டதா, இல்லை தேடுவதில்தான் கோளாறா?

பழைய சோறு:

ஜியோகேஷிங் ஆப்பைப் போட்டால் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடுமே சகோ. எதற்கு இந்தப் பாடு?

குமரிக்காரன்:

அது வேறு, இது வேறு. ஜியோகேஷிங்குக்கு ஜிபிஎஸ் எண் கொடுப்பார்கள், 2000-இல் வந்த விளையாட்டு. லெட்டர்பாக்ஸில் க்ளூவைப் படித்து நாமேதான் வழி கண்டுபிடிக்க வேண்டும். இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்னும் சதுப்பில் ஒரு கண்ணாடி பாட்டிலை வைத்து, வந்தவர்கள் விசிட்டிங் கார்டைப் போட்டுவிட்டுப் போகலாம் என்று ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1998-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்த பிறகுதான் பரவலாகப் பிடித்துக்கொண்டது. ஆப் வைத்துக் கண்டுபிடித்தால் பையனுக்கு என்ன சுவாரஸ்யம்?

மிதிவண்டி முருகு:

நெய்தல், இதில் இரண்டு மூன்று விஷயம் சேர்ந்து சிக்கலாகியிருக்கிறது. பெட்டி போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள்.

முதலில் பேஸ் கணக்கு. பழைய லெட்டர்பாக்ஸ் க்ளூக்களில் ஒரு பேஸ் என்றால் பெரும்பாலும் இரண்டு காலடி. இடது கால் தரையில் பட்டு, மறுபடி இடது கால் படுவது வரை ஒன்று. 20 பேஸ் என்றால் 40 காலடி, ஏறக்குறைய 30 மீட்டர். நீங்கள் பாதி வழியில் நின்றிருக்கிறீர்கள், புல்தான் இருக்கும். ஒற்றைக் காலடியையே பேஸ் என்று எழுதுபவர்களும் உண்டு. அதனால் இரண்டு கணக்கையும் போட்டுப் பார்ப்பது வழக்கம். உங்கள் க்ளூவில் மரம் வேண்டும், பாதி தூரத்தில் மரமே இல்லை என்கிறீர்கள், ஆக இரண்டு காலடிக் கணக்குதான்.

அடுத்தது காம்பஸ். ஹேண்டில்பாரில் வைத்துப் பார்க்கவே கூடாது. சைக்கிளின் இரும்பும் ஸ்பீக்கரும் காந்த மவுண்டும் எல்லாம் சேர்ந்து முள்ளை இழுக்கும். போன் கவரிலேயே காந்தம் இருந்தால் அதையும் கழற்றுங்கள். சைக்கிளை நாலைந்து மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு, போனைக் கையில் படுக்கை மட்டமாகப் பிடித்துப் பாருங்கள். பெஞ்சில் இரும்பு போல்ட் இருந்தால் அதிலிருந்தும் ஓரடி விலகி நில்லுங்கள்.

அப்புறம், ஐபோன் செட்டிங்ஸில் காம்பஸ் பகுதியில் 'யூஸ் ட்ரூ நார்த்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆனில் இருந்தால் போன் நிஜ வடக்கைக் காட்டும். க்ளூ எழுதியவர் கையில் சாதாரண முள் காம்பஸ் இருந்திருக்கும், அது காந்த வடக்கு. அந்தப் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் 13 டிகிரி அளவு வித்தியாசம், காந்த வடக்கு கிழக்கே சாய்ந்திருக்கிறது. 30 மீட்டர் தூரத்தில் 13 டிகிரி பிசகினால் ஏழு மீட்டர் தள்ளிப் போய்விடும். அதாவது க்ளூவின் 70 டிகிரி, நிஜ வடக்குக் கணக்கில் 83. சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு நடந்தால் இந்தக் கூட்டல் கழித்தல் எதுவும் வேண்டாம். 2009-க்குப் பிறகு காந்த வடக்கும் ஒரு டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாக நகர்ந்திருக்கிறது, ஆனால் இந்தத் தூரத்துக்கு அது ஒரு மீட்டர்கூட வராது, விட்டுவிடுங்கள்.

சைப்ரஸ் பற்றி: 2023 ஜனவரி புயல்களில் பே ஏரியா முழுக்க மரங்கள் சாய்ந்தன. இரட்டைத் தண்டில் ஒன்று போயிருக்கலாம். நிற்கிற மரத்தைத் தேடாதீர்கள், ரம்பத்தால் அறுத்த அடித்தண்டைத் தேடுங்கள்.

நெய்தல்:

மிக்க நன்றி முருகு அண்ணா. பார்த்தேன், ட்ரூ நார்த் ஆனில்தான் இருந்தது. ஒன்று கேட்க வேண்டும். பெஞ்சை இடம் மாற்றியிருந்தால்?

மிதிவண்டி முருகு:

அதற்குத்தான் ரேடார். க்ளூவில் பெஞ்சோடு அதையும் ஏன் சேர்த்தார் என்று நினைக்கிறீர்கள்? பெஞ்ச் மாறும், கடலோரப் பாதையே மண்ணரிப்பில் உள்ளே நகரும், பில்லர் பாயின்ட் நகராது. பெஞ்சிலிருந்து ரேடார் தெளிவாகத் தெரிந்தால் இடம் சரியென்று வைத்துக்கொள்ளலாம்.

குமரிக்காரன்:

இரண்டு எச்சரிக்கை. புதரில் கை விடுவதற்கு முன் பாய்சன் ஓக் இருக்கிறதா பாருங்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும்போதும் அந்தக் குச்சி பட்டாலே அரிப்பு வரும். பையனுக்கு முழுக்கை, முழுக்கால் உடை. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும்.

மற்றொன்று, கடல் பக்கம் மணல்மேட்டில் கயிறு கட்டியிருந்தால் உள்ளே போகாதீர்கள். ஸ்னோவி ப்ளோவர் என்கிற சின்ன உப்புக்கொத்தி அங்கே மணலிலேயே முட்டை இடும். மார்ச் முதல் செப்டம்பர் வரை அதன் குஞ்சு பொரிக்கும் காலம். 1993-லிருந்து சட்டப் பாதுகாப்பு உள்ள பறவை. உங்கள் க்ளூ கிழக்கே போகிறது, அந்தப் பக்கம் தேட வேண்டிய அவசியமே இல்லை.

பழைய சோறு:

பாதையில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது எப்படிக் குனிந்து தேடுவீர்கள்? சைக்கிள் ரிப்பேர் மாதிரி பாவலா பண்ணலாமா?

குமரிக்காரன்:

அதைச் செய்துவிடாதீர்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்த மறுநிமிடம் போகிற சைக்கிள்காரர்கள் எல்லாம் நின்று, பம்ப் வேண்டுமா, ட்யூப் வேண்டுமா என்று கேட்க ஆரம்பிப்பார்கள். பையனை பெஞ்சில் உட்காரவைத்துப் பிஸ்கட் கொடுத்துவிட்டு, ஆள் வந்தால் இருமச் சொல்லுங்கள்.

நெய்தல்:

கிடைத்தது!! காம்பஸைச் சரிசெய்து 40 காலடி போனதும் நேராக ஒரு சைப்ரஸ். பக்கத்திலேயே இரண்டாவது தண்டின் அடி மட்டும் இருக்கிறது, அறுத்த முகம் சாம்பல் பூத்துப் போயிருக்கிறது. வேரடியில் யாரோ அடுக்கியது மாதிரி நாலு கல், அதற்குப் பின்னால் பெட்டி.

ஆனால் மூடியின் ஒரு கிளிப் உடைந்திருக்கிறது, உள்ளே தண்ணீர். நோட்டு ஊறிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஸ்டாம்ப் (கடல்நாய் உருவம், கையால் செதுக்கியது, அவ்வளவு அழகு) நன்றாகத்தான் இருக்கிறது. பையன் அதைத் தன் நோட்டில் குத்திக்கொண்டான், ஆனால் அவன் நண்டைக் குத்த இடமில்லை. பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம். நோட்டை எடுத்துவந்து காயவைக்கலாமா?

மிதிவண்டி முருகு:

வாழ்த்துகள்! தம்பிக்கும் சொல்லுங்கள். கேட்காமல் எடுத்துவர வேண்டாம், அந்த நோட்டில் இத்தனை வருடம் வந்தவர்களின் ஸ்டாம்ப் எல்லாம் இருக்கும், வைத்தவருக்கு அது பொக்கிஷம். லெட்டர்பாக்ஸ் க்ளூக்களைப் போடும் அட்லஸ் க்வெஸ்ட் தளத்தில் அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே அவருக்குச் செய்தி அனுப்பலாம். பெட்டி ஈரம், கிளிப் உடைந்தது, நான் சரிசெய்யட்டுமா என்று கேளுங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள்.

பதில் வரும்வரை தற்காலிகமாக ஒன்று செய்யலாம். தண்ணீரை ஊற்றிவிட்டு, உள்ளே துணியால் துடைத்து, ஸ்டாம்பைத் தனியாக ஒரு ஃப்ரீசர் ஜிப் பையிலும் பழைய நோட்டை வேறொரு பையிலும் போடுங்கள். ஊறிய நோட்டை ஸ்டாம்போடு ஒரே பையில் போட்டால் ஸ்டாம்பும் பூஞ்சை பிடித்துவிடும். கூடவே ஒரு சின்ன புது நோட்டு. தம்பியின் நண்டு அதன் முதல் பக்கத்தில் விழட்டும். மூடிக்கு மேல் ஒரு கெட்டி ரப்பர் பேண்ட். திரும்ப வைக்கும்போது மண்ணைத் தோண்டாதீர்கள், அது ஸ்டேட் பார்க் இடம். இருந்த பள்ளத்திலேயே வைத்து அதே நாலு கல்லால் மூடுங்கள், மூடி மேலே பார்க்க.

நெய்தல்:

சரி அண்ணா, செய்தி அனுப்பிவிட்டேன். ஜிப் பை வாங்கி வைத்தாயிற்று, சனிக்கிழமை போகிறோம்.