கலிபோர்னியாவின் 17,000 லாரி லைசென்ஸ்: தேதித் தப்பு யாருடையது?

டாலஸ்காரன்:
"கலிபோர்னியா 2025 நவம்பரில் 17,000 வெளிநாட்டு டிரைவர்களின் லைசென்ஸை அநியாயமாகப் பிடுங்க நோட்டீஸ் விட்டது" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஒர்க் பெர்மிட் முடிந்த பிறகும் செல்லுகிற லைசென்ஸில் என்ன நியாயம்? லைசென்ஸ் முடியும் தேதி தப்பு, அவ்வளவுதான்.

ஹைவே99:
எழுதியது நான்தான். அந்தத் தேதியை அட்டையில் அச்சடித்தது யார்? டிரைவரா, லைசென்ஸ் கொடுக்கும் மாநில ஆபீஸான டிஎம்வியா?

கொங்கு டிரைவர்:
2025 ஆகஸ்டில் புளோரிடா டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையில் ஒரு லாரி யூ-டர்ன் போட்டதில் மூன்று பேர் செத்தார்களே, அந்த டிரைவர் கையிலும் கலிபோர்னியா லைசென்ஸ்தான்.

ஹைவே99:
எதைக் கேட்டாலும் அந்த விபத்தா? செத்தவர்களுக்காக எனக்கும் வலிக்கிறது. ஆனால் அதைக் காட்டித்தானே செப்டம்பரில் மத்திய அரசு விதியை மாற்றியது? எச்-2ஏ, எச்-2பி (தற்காலிக வேலை), ஈ-2 (முதலீட்டாளர்) விசாக்காரர்களுக்கு மட்டும் நான்-டொமிசைல்ட் லைசென்ஸ், அதாவது நிரந்தரக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டவருக்கான லாரி லைசென்ஸ். அகதிகள், தஞ்சம் கேட்டவர்கள், டாகா பிள்ளைகள் (சிறுவயதில் ஆவணமின்றி அழைத்து வரப்பட்டவர்கள்) எல்லோரும் வெளியே. நாடு முழுக்க சுமார் 2 லட்சம் பேர் பிழைப்பு இது. 2025 நவம்பரில் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. மொத்த சிடிஎல்-லில் (லாரி, பஸ் ஓட்டும் வணிக லைசென்ஸ்) இவர்கள் 5 சதவீதம், உயிர்ப்பலி விபத்துகளில் 0.2 சதவீதம். அரசின் கணக்கே அதுதான்.

டாலஸ்காரன்:
நீதிமன்றம் பேசியது விசா வகையைப் பற்றி. நான் கேட்பது தேதியை. பெர்மிட் முடியும் நாளைத் தாண்டி லைசென்ஸ் போகலாமா, கூடாதா?

மதுரைவாசி:
என் அண்ணனிடம் கிரீன் கார்டு இருக்கிறது. அவருக்கும் போய்விடுமா?

ஹைவே99:
போகாது. கிரீன் கார்டுக்கு வழக்கமான சிடிஎல்தான். டாலஸ்காரரே, அச்சடித்தது யார் என்று கேட்டேன், பதில் வரவில்லை.

கொங்கு டிரைவர்:
ஆங்கிலம் தெரியாவிட்டால் 2025 ஜூன் 25 முதல் ரோட்டிலேயே வண்டியை நிறுத்துகிறார்கள். அது மட்டும் சரியான விதி.

ஹைவே99:
பேச்சை மாற்றாதீர்கள். ஆபீஸ் செய்த தப்புக்கு லாரிக்கு மாதத் தவணை கட்டுகிறவன் ஏன் வண்டியை விட்டு இறங்க வேண்டும்? புதுத் தேதி போட்டு அட்டையைத் திருத்திக் கொடுக்கட்டும்.

டாலஸ்காரன்:
தன் பெர்மிட் என்று முடிகிறது என்று அவனுக்குத் தெரியாதா?

ஹைவே99:
தெரியும். அச்சடித்தது யார்?