‘தூங்கட்டும் விடு’ என்று சொன்ன இரவு

தொடங்கியவர்:

கல்லூரி விடுதியில் இருந்தவர்கள், இருப்பவர்கள், பிள்ளையை அனுப்பியிருப்பவர்கள் எல்லோரும் அங்கே நடக்கும் குடியைப் பற்றிய உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நான் முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாண்டு சேர்ந்த நான்காவது வாரம். பக்கத்து அறைப் பையனுக்கு 17 வயது. அதற்கு முன் அவன் குடித்ததே இல்லை. நிறுத்தாமல் எத்தனை கிளாஸ் குடிக்கிறான் பார்க்கலாம் என்று சீனியர்கள் அறையில் பந்தயம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சுருண்டு விழுந்துவிட்டான். இரண்டு பேர் தூக்கிவந்து எங்கள் அறையில் கிடத்தினார்கள். “தூங்கட்டும் விடுடா, காலையில சரியாயிடுவான்” என்றார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். இன்னொருவர் காப்பி கொடுக்கச் சொன்னார். நல்லவேளை, கொடுக்கவில்லை. நினைவில்லாதவன் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மல்லாந்து கிடந்தான். கூப்பிட்டேன், கிள்ளினேன், கண் திறக்கவில்லை. குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும், பிறகு அமைதி. அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு ஏழு மூச்சு. டியூப்லைட் வெளிச்சத்தில் நகமெல்லாம் நீலம் பாரித்துத் தெரிந்தது. கை சில்லென்று இருந்தது.

அப்போதும் நாங்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. இதைச் சொல்லத்தான் எழுத வந்தேன். வார்டனுக்குத் தெரிந்தால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார், வீட்டுக்குக் கடிதம் போகும் என்று அரை மணி நேரம் கிசுகிசுத்துக்கொண்டே நின்றோம். கண்ணை மூடியபடியே அவன் வாந்தி எடுத்தபோதுதான் பயந்து ஒருக்களித்துத் திருப்பினோம். என் அறைத்தோழன் ஓடிப்போய் வார்டன் கதவைத் தட்டினான். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த அரை மணி நேரம் இன்னமும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

செவிலியர் ஒருவர்:

அவசரப் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். “குடிக்கிறதை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆச்சே சிஸ்டர், இப்ப எப்படி மோசமாச்சு?” என்று கூட்டிவரும் நண்பர்கள் கேட்பார்கள். கிளாஸைக் கீழே வைத்தாலும், வயிற்றிலும் குடலிலும் இருக்கும் மது இரத்தத்தில் ஏறிக்கொண்டுதான் இருக்கும். படுக்கும்போது பேசிக்கொண்டிருந்த பிள்ளை சற்று நேரத்தில் பதில் சொல்லாமல் போவது இதனால்தான். கல்லீரலை அவசரப்படுத்த முடியாது. ஒரு சிறிய அளவு மதுவைக் கரைக்கவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். காப்பி, நடக்கவைப்பது எதுவும் பலிக்காது. பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டினால் உடம்புச் சூடு இன்னும் இறங்கும்.

தம்பி, நீங்கள் மூச்சை எண்ணியது மிகச் சரி. நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே 10 வினாடிக்கு மேல் இடைவெளி, உதடோ நகமோ நீலம், வலிப்பு, எழுப்பினால் எழாமை. இதில் ஒன்று இருந்தாலே போதும், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மல்லாந்துவிடாதபடி முதுகுக்குப் பின்னால் ஒரு பையை அணைகொடுங்கள். தனியாக விடாதீர்கள். தூக்க மாத்திரை ஏதாவது சேர்த்துப் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மதுவும் மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். எனர்ஜி டிரிங்க் கலந்து குடிப்பவர்களுக்குத் தூக்கம் வராததால் போதை ஏறுவதே தெரிவதில்லை, இன்னும் குடிக்கிறார்கள். அப்படி வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

விடுதிக் காப்பாளர்:

நானும் அப்படி ஒரு வார்டனாகத்தான் இருந்தேன். பிடிபட்டால் வெளியேற்றம், அதுதான் விதி. ஒரு மாணவனை மிகத் தாமதமாகக் கொண்டுபோன பிறகு அதை மாற்றினோம். உதவிக்குக் கூப்பிடுபவர் மீதும், உடம்புக்கு முடியாமல் போனவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. ஆனால் ஆலோசகரைப் பார்த்தே ஆக வேண்டும். சட்டப்படி குடிக்கும் வயது வராத பிள்ளைக்கு மது வாங்கிக் கொடுத்தவருக்கும், குடிக்கச் சொல்லி நெருக்கியவருக்கும் இந்த விலக்கு இல்லை.

“குடிக்க நீங்களே லைசென்ஸ் கொடுக்கிறீர்களா?” என்று சில பெற்றோர் கோபப்பட்டார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பழைய விதியில் ஒரு முறைகூட இரவில் யாரும் என் கதவைத் தட்டியதில்லை. மாற்றிய முதல் வருடமே மூன்று முறை தட்டினார்கள். குடிப்பது கூடிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. முன்பெல்லாம் எனக்குத் தெரியவே இல்லை, அவ்வளவுதான்.

ஆலோசகர் உபதேசம் செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற 10 கேள்விகளை வைத்துப் பேச ஆரம்பிப்பார். மதிப்பெண் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயமான பழக்கம் என்று கணக்கு. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, “நிஜமாவா சார்?” என்று ஒரு பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முதல் ஆறு வாரம்தான் ரொம்பக் கவனிக்க வேண்டிய காலம். புது இடம், தெரியாத முகங்கள், எப்படியாவது ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பு. அந்த நாட்களில் ராத்திரி மாடியில் ஒரு சுற்று வருவேன், சும்மா பேசிவிட்டு வருவேன்.

இரண்டாமாண்டு மாணவி:

சின்னதாக ஒன்று. எங்கள் வகுப்பில் பெயர் எழுதாத சீட்டு கொடுத்து, ‘போன வாரம் குடித்தீர்களா? வகுப்பில் எத்தனை பேர் குடித்திருப்பார்கள்?’ என்று இரண்டு கேள்வி கேட்டார்கள். பாதிக்கு மேல் குடித்திருப்பார்கள் என்றே பெரும்பாலும் எழுதியிருந்தோம். குடித்ததாகச் சொன்னது ஆறு பேர்தான். மாணவர்கள் இப்படி மற்றவர்களைப் பற்றிக் கூட்டியே நினைக்கிறார்கள் என்று 1986-லேயே பெர்க்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இருவர் ஆய்வில் எழுதியிருப்பதாக மேடம் சொன்னார். முதலாண்டில் நான் அந்த முதல் கிளாஸைக் கையில் வாங்கியதே, எல்லோரும் குடிக்கிறார்கள், நான் மட்டும் தனியாகத் தெரிவேன் என்ற பயத்தில்தான்.

தொடங்கியவர்:

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பையனிடமே இதையெல்லாம் படிக்கக் கொடுத்தேன். இப்போது அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “அன்னைக்குக் கதவைத் தட்டப் போனது யாருடா?” என்று கேட்டான். இத்தனை வருடத்தில் நாங்கள் யாரும் அதை அவனிடம் சொன்னதே இல்லை. அறைத்தோழனின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.