மூலை மனையில் கோபுர வீடு: ஊருக்கு அடையாளம் ஆகுமா?

மூலைமனைக்காரன்:
பர்மாவில், ரங்கூனுக்குப் பக்கத்துச் சிரியத்தில் இரண்டு தெரு சேரும் இடத்தில் எங்களுக்கு 40க்கு 60 அடி மனை. அப்பா கட்டிய தகரக் கூரை வீட்டை இறக்கிவிட்டு மாடி வீடு எழுப்பப் போகிறேன். மூலையில் எட்டுப் பட்டைக் கோபுர அறை, முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி, கீழே கார் நிறுத்தத் திறந்த இடம். ஐம்பது வருஷம் கழித்தும் சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டுகிறவரிடம் "கோபுர வீடு" என்றால் நேராகக் கொண்டுவந்து விட வேண்டும். எப்படி?

மழைத்தச்சன்:
தம்பி, எனக்குக் கண்ணாடிதான் உறுத்துகிறது. மே மாதம் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது. நான் பழுது பார்க்கப் போன ஒரு வீட்டில் நாலாவது மழைக்கே அலுமினியச் சட்டத்துக்குக் கீழே சுவர் கறுத்து, பூச்சு நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. கூரை விளிம்பை, அதுதான் இறவாணத்தை, மூன்றடி வெளியே இழு, அப்புறம் அழகைப் பார்க்கலாம்.
அதைவிட, மூலையில் கனத்தை ஏற்றிக் கீழே திறந்து விடுவது பயம். 2025 மார்ச் 28 மறந்துவிட்டதா? மண்டலையில் அடித்த 7.7 நிலநடுக்கத்தில் கீழ்த்தளம் மெலிந்த கட்டடங்கள் அப்படியே உட்கார்ந்தன. அதற்குக் காரணமான சகாயிங் நிலப்பிளவு, நமக்கு வடக்கே இருக்கிற பகோ பக்கமாகத்தான் தெற்கே இறங்குகிறது.

மூலைமனைக்காரன்:
தூணை எஞ்சினியர் பார்த்துக்கொள்வார், அண்ணே. ரங்கூனில் பர்மா விடுதலைத் தலைவர் போஜோக் ஆங் சான் வீட்டுக்கும் கோபுரம் உண்டே? 1962இல் அருங்காட்சியகமே ஆகிவிட்டது.

மழைத்தச்சன்:
கோபுரத்துக்காகவா ஆக்கினார்கள்? 1947 ஜூலையில் அவரைச் சுட்டுக் கொன்றபோது குடும்பத்தோடு அங்கே குடியிருந்தார். அதனால் ஆக்கினார்கள்.

திருஷ்டிப்பூசணி:
எதற்கு வம்பு! ஊர்க் கண் படுகிற மாதிரி கட்டிவிட்டு, பிறகு வாசலில் பூசணிக்காய் கட்டுவதா? வீடு வீடாக இருக்கட்டும்.

மோல்மேன் அக்கா:
எங்கள் தெருவில் மாடி வீடு நாலு உண்டு, எதற்கும் பெயர் இல்லை. வழி கேட்டால் "பானை வீட்டுக்கு அடுத்து" என்பார்கள். அது ஓட்டுக் கூரை போட்ட பழைய தேக்கு வீடு. மதிலை இரண்டு முழம் உள்ளே தள்ளி, வழிப்போக்கர் தண்ணீர் குடிக்கப் பர்மியர் வைக்கிற யே-ஓ-ஸின் (தண்ணீர்ப் பானைத் தட்டு) மாதிரி பலகைத் தட்டு, அதில் இரண்டு மண்பானை, தகரக் குவளை. மேலே தனியாகச் சின்னக் கூரை. தட்டின் விளிம்பு கைபட்டுக் கைபட்டு வழவழவென்று தேய்ந்திருக்கும். வீட்டுக்காரப் பாட்டி போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது இருப்பவர்கள் வேறு ஆட்கள். பானையை எடுத்தால் தெரு கேட்கும் என்று அவர்களே நிரப்புகிறார்கள்.
தம்பி, உன் மூலையில் யார் நிற்பார்கள்? அதைச் சொல்.

மூலைமனைக்காரன்:
காலையில் பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிப் பிள்ளைகள், அக்கா. மழை வந்தால் எங்கள் பழைய தகரத்துக்குக் கீழேதான் ஒண்டுவார்கள்.

மோல்மேன் அக்கா:
அதைத்தானே இடிக்கப் போகிறாய்?

மூலைமனைக்காரன்:
…சரி. மதிலை மூலையில் நாலடி உள்ளே வாங்கி, திண்ணை போட்டு, தண்ணீர்ப் பானையும் வைத்து, மேலே இறவாணத்தை நீட்டுகிறேன். நீலக் கண்ணாடி வேண்டாம். ஆனால் கோபுரத்தை விடமாட்டேன்.

மழைத்தச்சன்:
மரத்தில் கட்டு, கனம் குறையும். கீழே தூணுக்கு நடுவே இரண்டு பக்கமாவது சுவர் எழுப்பு. பானையைக் கூரைத் தண்ணீர் சொட்டுகிற கோட்டுக்கு உள்ளே வை, இல்லாவிட்டால் குவளையில் சேறு தெறிக்கும்.