பீடி வரியை உயர்த்தக் கூடாது என்ற மனுவில் கையெழுத்திடலாமா?

தாராவிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தாராவியில் எங்கள் பகுதித் தமிழர்களிடையே ஒரு மனு சுற்றி வருகிறது. பீடிக்கு இப்போதுள்ள 18% ஜிஎஸ்டியை எக்காரணம் கொண்டும் உயர்த்தக் கூடாது, உயர்த்தினால் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்பது அதன் சாரம். இங்கே பலருக்கும் ஊர் அந்தப் பக்கம்தான் என்பதால், முழுவதும் படித்துப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். என் அக்காவும் முக்கூடலில் சொளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவர்தான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கிடைக்கும் கூலியில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

ஆனாலும் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று பீடி இலையின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், 2026 பிப்ரவரி 1 அன்று பீடியின் வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகவும் குறைந்தன. அதற்குப் பிறகு அக்காவின் கூலி ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. சிகரெட்டுக்கோ அதே பிப்ரவரி 1 முதல் 40% ஜிஎஸ்டியும், அதற்கு மேல் கலால் வரியும் வந்திருக்கின்றன. இரண்டும் நுரையீரலுக்குள் போகும் புகைதானே? ஏழைகளைக் காப்பதற்காகத்தான் இந்த வரிச்சலுகை என்று சொல்கிறார்களே, அது உண்மையில் யாரைக் காக்கிறது? நம்மைப் போன்ற மற்ற நாடுகளில் இதை எப்படிக் கையாண்டார்கள்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால், கையெழுத்திடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய உதவியாக இருக்கும்.

மாட்டுங்கா கணக்காளர் எழுதியது:

நல்ல கேள்வி, நண்பரே. முதலில் கணக்கைப் பார்ப்போம். வரி 28% என்றால், நாம் கடையில் கொடுக்கும் விலையில் ஏறக்குறைய 22% அரசுக்குப் போகிறது. 18% என்றால் அது சுமார் 15 சதவீதமாக இறங்குகிறது. புகையிலைப் பொருளின் சில்லறை விலையில் குறைந்தது 75% வரியாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே நாளையே பீடிக்கு 40% விதித்தாலும் விலையில் வரியின் பங்கு 29 சதவீதத்தைத் தாண்டாது. பீடித் தொழிலே அழிந்துவிடும் என்று மனு சொல்வதை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2016-17இல் எடுக்கப்பட்ட தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் சிகரெட் பிடிப்பவர்கள் 4%, பீடி பிடிப்பவர்கள் 7.7%. கூடுதலான பேர் பிடிக்கும் பொருளுக்குக் குறைந்த வரி. சிகரெட்டின் விலை ஏறினால் டபரிக்கு, அதாவது தெருவோரப் பெட்டிக்கடைக்கு, வருகிறவர் புகையை விடுவதில்லை, பீடிக்கு மாறிக்கொள்கிறார். உதிரியாக விற்கக் கூடாது என்று 2020இலேயே மகாராஷ்டிர அரசு தடை போட்ட பிறகும், ஒற்றைச் சிகரெட்டையும் பக்கத்திலேயே பீடிக் கட்டையும் வைத்து விற்கும் டபரிகள் நம் ரயில் நிலையங்களின் வாசலிலேயே இருக்கின்றன. இந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிகரெட் வரியை மட்டும் உயர்த்துவதால் வருவாய் பெருகலாம், நோய் அந்த அளவுக்குக் குறையாது.

வெளிநாடுகளைக் கேட்டீர்கள். நமக்கு மிகவும் பொருந்துவது பிலிப்பைன்ஸ். அங்கே 1996ஆம் ஆண்டு விலையை அடிப்படையாக வைத்துப் பழைய சிகரெட் பெயர்களுக்குக் குறைந்த வரி என்று உறைய வைத்திருந்தார்கள். அதனால் லாபம் அடைந்தவர்கள் அதை அசைய விடவில்லை, புகையிலை விவசாயிகளின் வயிற்றில் அடிக்காதீர்கள் என்ற வாதம்தான் அங்கேயும் முன்னால் நின்றது. 2012இல் அதிபர் பெனிக்னோ அக்கினோவின் அரசு அந்த அமைப்பை மாற்றியது. மலிவான சிகரெட்டுக்கும் விலை உயர்ந்த சிகரெட்டுக்கும் 2017க்குள் ஒரே வரி என்று சட்டம் செய்து, கூடுதலாக வரும் பணத்தின் பெரும்பகுதி ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கு என்றும், ஒரு பங்கு புகையிலை விளையும் மாகாணங்களுக்கு என்றும் சட்டத்திலேயே எழுதினார்கள். அப்படியிருந்தும் செனட்டில் அது மயிரிழையில்தான் தப்பியது. பணம் எங்கே போகும் என்று மக்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்றால் அதுவும் கிடைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

மெக்சிகோவில் 2014இல் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தார்கள். விற்பனை குறைந்தது, ஆனால் அந்தப் பணத்தில் பள்ளிகளில் குடிநீர் வசதி என்று சொன்னது வாக்குறுதியாகவே நின்றதே தவிரச் சட்டக் கட்டாயமாக இல்லை. அந்த வரிக்காக வாதாடியவர்களின் கைபேசிகள் பெகாசஸ் உளவு மென்பொருளுக்கு இலக்காயின என்பது 2017இல் வெளிவந்தது. இந்தப் பிரச்சினையில் எவ்வளவு பெரிய பணம் புரள்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

குளிர்பானத்தில் நாம் செய்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் 2018 முதல் 100 மில்லிலிட்டரில் 4 கிராமுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் வரி என்பதால், உற்பத்தியாளர்கள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைக்கிறார்கள். இங்கே இனிப்போ சுவையோ சேர்த்து வாயு ஏற்றிய பானம் என்றால் சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 40%. வாயு இல்லாத பழச்சாறு பானம் என்றால் எவ்வளவு சர்க்கரை கொட்டியிருந்தாலும் 5%. இதைச் சுகாதார வரி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பரேல் செவிலியர் எழுதியது:

புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன் என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கீழ்த்தாடையின் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, மூக்கில் செருகிய குழாய் வழியே கஞ்சித் தண்ணீரை இறக்கிக்கொண்டு படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள். அவர்களுடைய மனைவியும் பிள்ளைகளும் எதிரே உள்ள நடைபாதையில் அடுப்பு மூட்டிக் காத்திருக்கிறார்கள். புகையிலை வரி ஏழையைத்தான் அதிகம் தாக்கும் என்று சொல்கிறவர்கள், நோய் யாரை அதிகம் தாக்குகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விலை ஏறினால் முதலில் விடுகிறவரும், தொடங்காமலே இருந்துவிடும் பிள்ளையும் ஏழை வீட்டில்தான் இருப்பார்கள். 2012இல் மகாராஷ்டிரத்தில் குட்காவைத் தடை செய்தார்கள். பான் மசாலாவை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை இன்னொரு பொட்டலத்திலும் போட்டு, இரண்டையும் சேர்த்தே விற்றார்கள். தடையை இப்படித் தாண்டிவிடலாம், விலையைத் தாண்டுவது அவ்வளவு எளிதல்ல. மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள், அண்ணா.

செம்பூர் தொழிற்சங்கத்தவர் எழுதியது:

சகோதரி சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சுற்றுகிற பெண்களின் இடத்திலிருந்தும் யாராவது பேச வேண்டும். கொடுத்த இலையில் சொத்தையும் ஓட்டையும் இருந்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது. கொண்டுபோன கட்டுகளில் சிலவற்றைக் கழித்துவிட்டு அதற்குக் கூலி கிடையாது என்பார்கள். புகையிலைத் தூளை நாளெல்லாம் மூச்சில் இழுப்பதும் அவர்கள்தான். விற்பனை குறைந்தால் முதலாளியின் லாபம் குறைவதற்கு முன்பே இவர்களுக்குக் கொடுக்கும் இலை குறையும், வாரத்தில் ஆறு நாள் வேலை நான்கு நாளாகும். வீட்டைவிட்டு வெளியே போய் வேலை பார்க்க முடியாத பெண்ணுக்கு அந்த ஊர்களில் வேறு என்ன வைத்திருக்கிறோம்?

இதில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 1976இல் பீடித் தொழிலாளர் நலத் தீர்வைச் சட்டமும் நல நிதிச் சட்டமும் வந்தன. தனித் தீர்வை வசூலித்து, பின்னாளில் அது ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று ஆகி, அந்தப் பணத்தில் மருந்தகங்களும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் நடந்தன. விற்கும் ஒவ்வொரு பீடியும் சுற்றியவளுக்கு ஏதோ கொடுத்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். திட்டங்கள் தொடர்ந்தாலும், பணம் இப்போது பொது வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கினால்தான் உண்டு. வரியை உயர்த்துவதற்கு நான் எதிரியல்ல. உயர்த்தி வரும் பணத்தை மறுபடியும் அந்தப் பெண்களின் பெயரில் கட்டிவைக்காமல் உயர்த்துவதற்குத்தான் எதிரி.

மாட்டுங்கா கணக்காளர் எழுதியது:

ஐயா சொன்ன 1976ஆம் ஆண்டுத் தீர்வையும் பிலிப்பைன்ஸ் சட்டமும் ஒரே வழியில் செல்கின்றன. நமக்கு இது புதிதல்ல, கையில் இருந்ததைத்தான் 2017இல் விட்டோம். அன்றைய தீர்வை மிகச் சிறியது. இன்று பீடி வரியை 40 சதவீதமாக்கி, கூடும் தொகையின் ஒரு பங்கைச் சட்டப்படி நல நிதிக்கு ஒதுக்கினால், வேலை குறையும் ஆண்டுகளில் கூலி இழப்பை ஈடுகட்டவும், தையல், உணவு பதப்படுத்துதல் போன்ற வேலைகளுக்குப் பழக்கவும் பணம் இருக்கும். விற்பனை குறையக் குறைய அந்த நிதியும் சுருங்கும் என்பது உண்மை. ஆகவே முதல் சில ஆண்டுகளிலேயே மாற்று வேலையை உருவாக்கிவிட வேண்டும்.

தாராவிவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மனுவை மீண்டும் எடுத்துப் படித்தேன். அதில் கூலி உயர்வு, நல நிதி, மருந்தகம் என்று ஒரு சொல்கூட இல்லை, வரியைப் பற்றி மட்டுமே இருக்கிறது. நான் கையெழுத்திடப் போவதில்லை. வரியை உயர்த்தி, கூடும் வருவாயில் சுற்றுகிற பெண்களுக்குச் சட்டப்படியான பங்கு கேட்டு வேறொரு மனு எழுதலாம் என்று இருக்கிறேன். தொழிற்சங்கத்து ஐயா, பழைய சட்டத்தில் அந்தத் தீர்வை எந்த வாசகத்தில் இருந்தது என்று கிடைத்தால் இங்கேயே பதிவிடுங்கள்.