எரிவாயுவை விட்டுவிட்டு சூரியசக்திக்கு முழுசாக மாற முடியுமா? கணக்கோடு சொல்லுங்கள்

சிராங்கூன்வாசி கேட்டது:

வணக்கம். சிங்கப்பூரில் நம் மின்சாரத்தில் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது, அதை நிறுத்தினால் விளக்கே எரியாது என்கிறார்கள் சிலர். வருஷம் முழுக்க வெயில் அடிக்கிறது, எல்லாக் கூரையிலும் சூரியத் தகடு போட்டால் போதும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே நம்பும்படி இல்லை. தகடால் மொத்தத்தில் எவ்வளவு கிடைக்கும்? மழையும் இரவும் வந்தால் என்ன ஆகும்? ஒரு தரைவீட்டுக் கூரையில் 10 கிலோவாட் போட்டால் உண்மையில் என்ன கிடைக்கும், எங்கே கோளாறு வரும்? பொத்தாம்பொதுவாக இல்லாமல் எண்ணோடு சொன்னால் நல்லது.

கணக்கன்:

நாட்டின் மின்பயன்பாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 5,500 கோடி யூனிட். இங்கே 1 கிலோவாட் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் தரும். வெயில் ஊர்தான், ஆனால் மேகம் அதிகம். ஆக முழுத் தேவைக்கும் 46 ஜிகாவாட் (ஒரு ஜிகாவாட் 1,000 மெகாவாட், அதாவது 10 லட்சம் கிலோவாட்) தகடு வேண்டும். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 ஜூலையில் திறந்த மிதக்கும் பண்ணையை அளவுகோலாக வையுங்கள்: 60 மெகாவாட், 122,000 தகடுகள், 45 ஹெக்டேர். அதே விகிதத்தில் 46 ஜிகாவாட்டுக்கு 345 சதுர கிலோமீட்டர் போகும். நாடே 735 சதுர கிலோமீட்டர் அளவுதான். கிட்டத்தட்ட பாதி.

2030க்கு என்று முதலில் வைத்த சூரியசக்தி இலக்கு 2 ஜிகாவாட். அது 240 கோடி யூனிட், இன்றைய தேவையில் 4 விழுக்காட்டுச் சொச்சம். காற்றாலையும் கைகொடுக்காது. இங்கே சராசரிக் காற்று நொடிக்கு 2 மீட்டர், பெரிய காற்றாலைக்கு 4.5 மீட்டராவது வேண்டும்.

அதற்காக வீண் வேலை என்று தள்ளிவிடாதீர்கள். எரிவாயுவில் எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு போகிறது. 240 கோடி யூனிட் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் மிச்சம். கரியமில வாயுவுக்கு விதிக்கும் கரிம வரி 2024இல் டன்னுக்கு 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2026இல் 45 வெள்ளி. எரிவாயு மின்சாரத்தில் அது யூனிட்டுக்கு 1 காசிலிருந்து 1.8 காசாக ஏறுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2000ஆம் ஆண்டில் எரிவாயுவின் பங்கு ஐந்தில் ஒன்றுதான், மீதியில் பெரும்பகுதி எண்ணெய். பதினைந்து ஆண்டுகளில் அது தலைகீழானது. எரிபொருள் மாற்றம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

அலைவெண்50:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இரவைவிட மேகம்தான் பெரிய தொல்லை. சூரியன் ஏழு மணி சுமாருக்கு மறையும் என்பது முன்கூட்டியே தெரியும், அதற்கேற்ப நிலையங்களைத் தயார் செய்யலாம். சுமத்ரா சூறைக்காற்று என்னும் இடிமழை வரிசை மேற்கிலிருந்து வந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தீவைத் தாண்டிவிடும். அந்த நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான மெகாவாட் சரிந்து திரும்ப ஏறும். மின்கட்டமைப்பின் அலைவெண் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது) 50 ஹெர்ட்ஸை ஒட்டியே நிற்க வேண்டும், உற்பத்தி குறைந்தால் அது இறங்கும். சரிந்த இடத்தை நொடிக்கணக்கில் யாராவது நிரப்பியாக வேண்டும்.

அணைந்து குளிர்ந்த எரிவாயு நிலையத்தை எழுப்பப் பல மணி நேரம் ஆகும். அதனால் சிலவற்றை முன்கூட்டியே பாதிச் சுமையில் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாதிச் சுமையில் செயல்திறன் குறையும், யூனிட்டுக்குக் கூடுதல் வாயு எரியும். தகடு மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதி இங்கே கசிந்துவிடுகிறது.

ஜூரோங் தீவு மின்கலச் சேமிப்பு இதற்காகத்தான் வந்தது. 2023 பிப்ரவரியில் திறந்தார்கள், 200 மெகாவாட், 285 மெகாவாட் மணி. நாட்டின் சராசரிச் சுமை 6,300 மெகாவாட்டை அது ஒன்றே தாங்கினால் மூன்று நிமிடம்கூட வராது. ஆனால் அதன் வேலை அதுவல்ல. மேகம் மூடியதும் நொடியில் பாய்ந்து, எரிவாயு நிலையம் ஏறிவரும்வரை தாங்குவது. அந்த நம்பிக்கை இருந்தால்தான் பாதிச் சுமையில் ஓடும் அலகுகளைக் குறைக்க முடியும்.

நமக்கு ஒரு சாதகமும் உண்டு. வேலைநாளில் உச்சச் சுமை பிற்பகலில்தான், அலுவலகக் குளிர்சாதனத்தால். வெயிலும் தேவையும் ஓரளவு ஒத்துப்போகின்றன. ஏழு மணிக்குப் பிறகு வெயில் போய்விடும், சுமை அந்த அளவுக்கு இறங்காது. அந்த நேரத்துக்கு எரிவாயு வேண்டும், இல்லையேல் கடல்தாண்டி வரும் மின்சாரம் வேண்டும்.

கடலடிக்கம்பி:

அதைத்தான் சொல்ல வந்தேன். 2022 ஜூனில் லாவோஸ் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் வரை வரத் தொடங்கியது. 2035க்குள் 4 ஜிகாவாட் இறக்குமதி என்றிருந்த இலக்கை 2024 செப்டம்பரில் 6 ஜிகாவாட்டாக உயர்த்தினார்கள்.

வெளிநாட்டை நம்பலாமா என்று உடனே கேட்பார்கள். எரிவாயு மட்டும் இங்கே ஊறுகிறதா? 2004 ஜூன் 29 அன்று இந்தோனேசியாவின் நத்துனாவிலிருந்து குழாயில் வரும் வாயு தடைப்பட்டு இங்கே பல இடங்களில் மின்சாரம் போனது. கப்பலில் வாயு இறக்கும் திரவ எரிவாயு முனையம் 2013இல்தான் வந்தது. எல்லாவற்றையும் ஒரே குழாயில் வைப்பதுதான் ஆபத்து, சூரியசக்தியோ வாயுவோ அதில் வேறுபாடில்லை.

நடைமுறைச் சிக்கல் வேறு. இங்கே பெரும்பாலான எரிவாயு மின்னாக்கி அலகுகள் 400 மெகாவாட்டைச் சுற்றி. ஒற்றைக் கடலடிக் கம்பி 1,000 மெகாவாட் சுமந்தால், அது அறுந்த நொடியில் அவ்வளவையும் ஈடுகட்டும் கையிருப்பு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கப்பல் நங்கூரம் இழுத்து அறுத்த கம்பியைச் சரிசெய்ய மாதக்கணக்காகலாம். எனவே பெரிய கம்பி ஒன்றைவிட வெவ்வேறு வழியில் பல கம்பிகளே மேல், செலவு கூடினாலும்.

கூரைமேல்:

தரைவீட்டுக் கேள்விக்கு. 10 கிலோவாட் என்றால் 580 வாட் தகடு 17 அல்லது 18. ஒன்று சுமார் 2.6 சதுர மீட்டர், ஓரத்தில் நடக்க இடம் விட்டால் மொத்தம் 60. ஆண்டுக்கு 12,000 யூனிட், நாளுக்கு 33. பூமத்தியரேகைக்கு 1.3 பாகை வடக்கே இருக்கிறோம். கிழக்கு மேற்குக் கூரையானாலும் பெரிய நட்டமில்லை. தட்டையாக மட்டும் போடாதீர்கள். 10 பாகை சாய்வாவது இருந்தால்தான் மழை தகட்டைக் கழுவும். இல்லாவிட்டால் கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் தேங்கி, காய்ந்து, பாசிக்கோடு விழும். அந்தக் கோடு ஒரு வரிசைச் செல்களையே மறைக்கும்.

தகட்டுக்கும் கூரைக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் காற்றோட்டம் வேண்டும். தகடு 60 டிகிரிக்குச் சுட்டால் 10 விழுக்காட்டுக்கு மேல் உற்பத்தி போய்விடும். இந்த இடைவெளியில் மைனாவும் புறாவும் கூடு கட்டும், சுற்றிலும் வலை அடித்துவிடுங்கள்.

ஓட்டுக் கூரையில் கொக்கி மாட்டும்போது ஓடு விரிசல் விட்டால் ஆறு மாதம் கழித்து மேல்தளத்தில் ஈரம் தெரியும். மடிப்புத் தகரக் கூரையானால் துளை போடாமல் மடிப்பைக் கவ்வும் கிடுக்கி போதும், உலோகங்களுக்கு இடையே ரப்பர் அட்டை வைக்கச் சொல்லுங்கள், துரு ஏறாது.

அதிகம் வரும் கோளாறு தகட்டில் அல்ல, தகட்டுக் கம்பிகளைச் சேர்க்கும் இணைப்பியில். இரண்டு வேறு நிறுவன இணைப்பிகளைப் பொருந்துகிறதே என்று மாட்டிவிடுவார்கள். உள்ளே தொடர்பு தளர்ந்து சூடாகி உருகும், தீப்பிடிப்பதும் இதனால்தான். இரவு மழைக்குப் பிறகு காலையில் இன்வர்ட்டர் (தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) காப்புத்தடைப் பிழை, அதாவது மின்கசிவு எச்சரிக்கை, காட்டி, பத்து மணிக்குத் தானாகச் சரியானால், எங்கோ ஓர் இணைப்பியில் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். காய்ந்ததும் பிழை மறைவதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. இணைப்பியைக் கூரையில் கிடக்கவிடாமல் சட்டத்தோடு கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கட்டமைப்போடு இணைக்க உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் மின்சாரம் போனால் சாதாரண இன்வர்ட்டரும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது.

சிராங்கூன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் வீட்டிலேயே மின்கலம் வைத்தால் ஏழு மணிப் பிரச்சினை தீருமா?

கூரைமேல்:

வீட்டுக்குத் தீரும், பணம் திரும்பாது. மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்தின் வழக்கமான கட்டணத்தில் இருப்பவர் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு, கட்டணத்திலிருந்து கட்டமைப்புச் செலவைக் கழித்துவிட்டு மீதியை வரவு வைப்பார்கள். யூனிட் 28 காசு, கழிவு 7 காசு என்று வையுங்கள். மின்கலத்தில் சேர்த்து இரவில் எடுப்பதால் மிச்சம் அந்த 7 காசுதான். தினம் 10 யூனிட் சேமித்தால் 70 காசு, ஆண்டுக்கு 255 வெள்ளி. பல ஆயிரம் வெள்ளி மின்கலம் அதன் ஆயுளுக்குள் ஈடாகாது. அந்தப் பணத்துக்கு, கூரையில் நிழல் விழாத இடம் மிச்சமிருந்தால், இன்னும் நாலு தகடு போடுங்கள்.

அலைவெண்50:

ஆமாம். சேமிப்பை ஜூரோங் தீவு மாதிரி ஒரே இடத்தில் வைத்தால்தான் மேகம் எந்தப் பக்கம் மூடினாலும் எல்லோருக்கும் உதவும்.