பழைய பைக்கில் பிரேக்கை மேம்படுத்தியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எழுபதுகளின் கடைசியில் வந்த ஒற்றை டிஸ்க் வண்டி என்னுடையது. ஓடுவதில் குறையே கிடையாது, நிற்பதற்குத்தான் யோசிக்கும். இரண்டு விரலால் பிடித்தால் சும்மா ஒரு பாவனை காட்டும். நாலு விரலையும் போட்டு இறுக்கினால்தான் நிஜமாக வேகம் குறையும். புது வண்டியின் நாலு பிஸ்டன் காலிப்பர் (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ஒன்றை மாட்டிவிடலாம் என்று எல்லோரையும் போல நானும் தேட ஆரம்பித்தேன். கடைசியில் அதற்குத் தேவையே வரவில்லை.

காலிப்பரைப் பிரித்ததும் காரணம் தெரிந்துவிட்டது. பிஸ்டனைச் சுற்றி ரப்பர் சீல் உட்காரும் பள்ளம் இருக்கும் இல்லையா, அதன் அடியில் ஈரச் சுவரில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் படிவு. அலுமினியம் அரித்து உண்டானது. அது சீலைப் பின்னாலிருந்து தள்ளி பிஸ்டனோடு நெருக்கிவிடுகிறது. லீவரை விட்டதும் பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுப்பது அந்தச் சீல்தான். அது இறுகிப் போனால் பிஸ்டன் சரியாக முன்னாலும் போகாது, திரும்பியும் வராது. முனை வளைந்த ஊசியால் பள்ளத்தின் மூலை வரை சுரண்டி எடுத்தேன். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் மொத்த வேலையில் அதிகப் பலன் தந்தது இதுதான் என்பேன். புது சீல், புது பிஸ்டன், புது பேட் போட்டாயிற்று.

அப்புறம் ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தம் ஏறும்போது லேசாக உப்பும். லீவர் நகர்வில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். எஃகுப் பின்னல் ஹோஸ் போட்டதும் அந்தச் சொதசொதப்பு போயிற்று. செம்பு வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள், பழையதைத் திரும்ப மாட்டினால் கசியும்.

* * *

மேலே நண்பர் மாஸ்டர் சிலிண்டரை, அதாவது லீவரை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகத்தை, விட்டுவிட்டார், நான் சொல்கிறேன். நான் வாங்கிய வண்டியில் முந்தைய ஓனர் இரட்டை டிஸ்க்குக்கான 5/8 அங்குல மாஸ்டர் சிலிண்டரை ஒற்றை டிஸ்க்கோடு இணைத்திருந்தார். லீவர் அவ்வளவு கெட்டி! பிடித்துப் பார்த்தவர்கள் எல்லாம் "பிரேக் செம டைட்டா இருக்கே" என்றார்கள். வண்டி நின்றால்தானே?

கணக்கு எளிது. மாஸ்டர் சிலிண்டர் பெரிதானால் ஆயில் அதிகம் நகரும், லீவர் கொஞ்சமே உள்ளே வரும், ஆனால் அதே கைவிசைக்கு அழுத்தம் குறையும். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5/8-லிருந்து 1/2 அங்குலத்துக்கு மாறினால் அழுத்தம் ஏறத்தாழ 56 சதவீதம் கூடும், லீவரின் நீள விகிதம் மாறாதவரை. நான் மாற்றியது அந்த ஒன்றைத்தான். லீவர் முன்னைவிட உள்ளே வருகிறது, ஆனால் கைப்பிடியைத் தொடுவதில்லை. தொட்டால் சிலிண்டர் மிகச் சிறியது, அல்லது உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

ஏர் எடுக்கும்போது, அதாவது ஆயிலில் மாட்டிய காற்றை வெளியேற்றும்போது, ஒரு விஷயம்: குமிழி பெரும்பாலும் மேலே, மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் போல்ட்டிலேயே மாட்டிக்கொள்ளும். கீழே காலிப்பரில் எவ்வளவு எடுத்தாலும் அது நகராது. அந்த போல்ட்டைத் துணியால் சுற்றி, லீவரை அழுத்தியபடி அரைச் சுற்று தளர்த்தி, லீவரை விடுவதற்குள் இறுக்குங்கள். பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

* * *

என்னுடையது டிரம் பிரேக், முன்னால் இரட்டை லீடிங் ஷூ (இரண்டு ஷூவுமே டிரம் சுழலும் திசையில் தள்ளப்படும் வகை). டிஸ்க்குக்கு மாற்ற மனசு வரவில்லை. ஷூ லைனிங் நுனிகளில் மட்டும் பளபளவென்று இருந்தது, நடுவில் டிரம்மைத் தொட்ட அடையாளமே இல்லை. டிரம்மின் வளைவுக்கு ஏற்ப லைனிங்கைக் கடைந்து வாங்கினேன். இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் தொடும்படி இணைப்புக் கம்பியைச் சரிசெய்தேன். அப்புறம் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே திரும்ப இறுக்கினேன். ஷூக்களைத் தாங்கும் பிரேக் தட்டு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். செலவில்லாத வேலை, வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. நீண்ட இறக்கத்தில் சூடாகி மங்கத்தான் செய்கிறது, அதற்கு இன்ஜின் பிரேக்தான் வழி.

* * *

பிரேக் ஆயில் பற்றிச் சின்னக் குறிப்பு. அதன் தரங்களில் டாட் 4, டாட் 5.1 இரண்டும் கிளைகால் வகை, டாட் 5 சிலிக்கான் வகை. 5-ஐயும் 5.1-ஐயும் குழப்பிக் கலந்துவிடாதீர்கள். டாட் 4-க்குத் தர விதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 155. அரையாகக் கிடக்கும் பழைய டப்பாவை நம்பாதீர்கள்.

* * *

எல்லாம் புதிதாகப் போட்டும் என் வண்டியில் கொஞ்ச தூரம் போனதும் முன் பிரேக் தானாகவே பிடிக்க ஆரம்பித்தது. ஆறினால் சரியாகிவிடும். மாஸ்டர் சிலிண்டர் தொட்டியின் அடியில் இரண்டு துளைகள் உண்டு, ஒன்று பெரிது, இன்னொன்று ஊசிமுனை அளவு. அந்தச் சின்னது அடைத்திருந்தது. சூட்டில் விரியும் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் வழி அதுதான். வயரிலிருந்து பிரித்த ஒற்றை இழையை விட்டுத் திறந்தேன். லீவரை லேசாகத் தொட்டதும் தொட்டிக்குள் ஆயில் சின்னதாகப் பீய்ச்சியது, துளை திறந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இப்போது பிரேக் பலமாகிவிட்டதால் பழைய ஒல்லி ஃபோர்க் முன்னால் ரொம்ப அமுங்குகிறது. ஸ்பிரிங் மாற்றியவர்கள் இருந்தால், கூடவே ஃபோர்க் ஆயிலையும் கெட்டியாகப் போட்டீர்களா?